டிரைவரை இறக்கிவிட வேண்டிய இடம்

எங்கள் வீட்டு அம்பாசடரைப் பற்றிக் குத்தாலத்தில் நான் சொல்லிவந்ததில் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. கொட்டகையில் செத்துக் கிடந்த வண்டியை நான் எழுப்பி ஓடவைத்தேன் என்பதுதான் அது. வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, பலகையில் எழுதியும் வைத்தேன். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத மனிதரிடம் அதை வேறு மாதிரி படித்தும் காட்டினேன். அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரை நான் இங்கே போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து நான் கூப்பிட்டபடி டிரைவரண்ணன் என்றே எழுதுகிறேன்.

வண்டி 1970ஆம் வருஷத்து மார்க் 2. அப்பா வாங்கியது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கார் எடுத்த காலம் அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அப்படியே கொண்டுவந்து, கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அந்த உருவத்தைப் பெரிதாக மாற்றாமலேயே செய்தார்கள். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டில் கியர், முன்னால் ஒரே நீளச் சீட். வயற்காட்டுப் பக்கம் அதைப் பிளசர் என்பார்கள். அறுப்புக் களத்துக்கும் கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் அப்பா அதில்தான் போவார், எப்போதும் பின் சீட்டில். அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை.

ஓட்டியவர் டிரைவரண்ணன். அவருடைய அப்பா என் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பம் எங்கள் வயல்களில்தான் வேலை செய்தது. டிரைவரண்ணன் முதலில் மாடு பார்க்க வந்தார். பிறகு கார் கழுவினார். அப்போதிருந்த டிரைவரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு, அவர் போனபின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவர் தலித். நாங்கள் மிராசுக் குடும்பம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பாதியில் நின்றுவிடும். அவர் எங்கள் காரின் முன் சீட்டில் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா காலமானபின் வண்டி கொட்டகைக்குள் போயிற்று. டெல்டாவில் சும்மா நிற்கும் வண்டிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை ஊறிக் கிடக்கும், காரின் அடித்தகடு கீழிருந்து அரித்துக்கொண்டே வரும். இன்னொன்று பெருச்சாளி. பக்கத்தில் நெல்லிருந்தால் அது வராமல் இருக்காது, வந்தால் வயரைக் கடிக்காமல் போகாது. டிரைவரண்ணன் அதற்குள் ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் போய்விட்டார். அவரை நிறுத்தியது நான்தான். ஓடாத காருக்குச் சம்பள டிரைவர் எதற்கு என்று கணக்குப் பார்த்தேன்.

பிறகு எனக்குப் பழைய கார் ஆசை பிடித்தது. சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, எங்கள் வண்டி போலவே ஒன்று பளபளவென்று நிற்பதையும், அதன் சொந்தக்காரரைச் சுற்றி ஆட்கள் நிற்பதையும் பார்த்தேன். அவர் பேசப் பேச எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்ததா, அந்த இடம் வேண்டியிருந்ததா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். இடம்தான் வேண்டியிருந்தது.

டிரைவரண்ணனை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே இறங்கினார்.

அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகையில் நான் மறைத்தது அதைத்தான். இன்ஜினை இறக்கினார். பிளாக்கைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் போர் அடித்து, புது பிஸ்டன் போட்டார். வால்வுகளை அவரே கையால் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்த்தார். உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி, எடுத்துப் பார்த்து, மறுபடி உருட்டி, வால்வும் சீட்டும் சேரும் வட்டம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாகும்வரை விடவில்லை. கிடைக்காத கேஸ்கெட்டுகளை அவரே வெட்டினார். பேக்கிங் பேப்பரை இரும்பின் முகத்தில் வைத்து, சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களைத் தட்டிக்கொண்டே வருவார். விளிம்பு பட்ட இடத்தில் பேப்பர் அறுந்து, துளைகளோடு அச்சாக வந்துவிடும். அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஆள் பிடித்தார். வயரிங் முழுவதையும் நிறம் மாறாமல் புதிதாக இழுத்தார். சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் நாள் முழுக்கத் தேடிக் கதவுக் கைப்பிடியும் முன் கிரில்லும் வாங்கிவந்தார். போனவர் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். நான் கொடுத்தது சாமான் காசும் பஸ் காசும். அவருடைய உழைப்புக்கென்று கூலி பேசவில்லை. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு வேட்டி கொடுத்தேன்.

நான் செய்தது என்ன? டார்ச் பிடித்தேன். படம் எடுத்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஊட்டிக்குப் போவதென்று முடிவு செய்தேன். நீலகிரி வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் அசோசியேஷன் கோடையில் அங்கே நடத்தும் ஆண்டு விழாவுக்கு. மே மாதம் எங்களுக்குத் தோதான மாதம். சம்பா, தாளடி அறுப்பு முடிந்திருக்கும். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12க்கு நாள் இருக்கும். ஆற்றில் தண்ணீர் இருக்காது, வயலில் பெரிய வேலையும் இருக்காது.

வழியைத் திட்டமிடுவதில் எனக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன். குத்தாலத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. அங்கிருந்து குளித்தலை, மாயனூர் வழியாகக் கரூர் வரை காவிரியின் தென்கரையை ஒட்டியே சாலை. பிறகு வெள்ளகோவில், காங்கயம், பல்லடம், கோயம்புத்தூர். மறுநாள் விடியுமுன் மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், குன்னூர், ஊட்டி. நீலகிரியில் பெய்யும் மழைதான் குந்தாவாகவும் மோயாறாகவும் குன்னூர் ஆறாகவும் இறங்கிப் பவானியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. கொஞ்சமாவது எங்கள் வாய்க்காலுக்கும் வருகிறது. அந்தத் தண்ணீர் வந்த வழியிலேயே எதிர்த்துப் போகிறோம் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. கோவையில் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த ஜிடி கார் மியூசியத்தைப் பார்க்க ஒரு மாலை ஒதுக்கினேன்.

நிறையப் படித்தேன். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 1966இல் பாரிஸில் தொடங்கியது, 30 வயதான வண்டியைத்தான் சரித்திர வண்டி என்கிறது. நம் நாட்டில் 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிந்து, ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு போன்ற சில காரணங்களுக்குத் தவிர வேறு எதற்கும் சாலையில் எடுக்கக் கூடாது. ஊர்க் கல்யாணங்களுக்கு வண்டி வேண்டும் என்பதால் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்று படித்துவிட்டு டிரைவரண்ணனிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார்.

ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தையும் படித்தேன். பழைய வண்டியில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் முறையாகப் பதிந்துவைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதன்படி ஒரு நோட்டுப் போட்டேன். எந்தத் தேதியில் எந்தச் சாமான் மாற்றியது, எங்கே வாங்கியது, என்ன விலை, எல்லாம் எழுதினேன். யார் மாற்றியது என்று ஒரு பத்தி அந்த நோட்டில் இல்லை. என் தாத்தாவின் கணக்குப் புத்தகங்கள் பரணில் இருக்கின்றன. எந்த வயலில் எத்தனை கலம் கண்டது என்று அழகான கையெழுத்தில் இருக்கும். நட்டவர்களும் அறுத்தவர்களும் மரக்கால் கணக்காக மட்டும் வருவார்கள். என் நோட்டிலும் டிரைவரண்ணன் ஒரே ஒரு வரியில் வருகிறார்: ‘டிரைவர் பேட்டா’. அதற்கு எதிரே ஒரு தொகை.

இனிச் சொல்லப்போவது அந்த நோட்டில் உள்ளதுதான். நானே எழுதியது.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அதில் சொல்ல வேண்டும். நான், மகன், மைத்துனர் என்று மூன்று பேரை எழுதிவைத்திருந்தேன். ‘நாலு பேர்தானேப்பா?’ என்று மகன் கேட்டான். வண்டியை ஓட்டப்போகிறவரை நான் ஆளாக எண்ணவில்லை. இது வேண்டுமென்று செய்ததல்ல. யோசிக்காமல் செய்தது. அதனாலேயே இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

தங்குவதற்கு ஊட்டியில் இரண்டு அறை. ஒன்றில் நானும் மகனும், இன்னொன்றில் மைத்துனர். டிரைவர் என்ற இடத்தில் ‘வண்டியில் படுத்துக்கொள்வார்’ என்று எழுதியிருக்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மே மாதத்திலும் இரவில் கம்பளி இல்லாமல் முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது அப்பா எங்களை இதே வண்டியில் ஊட்டிக்கு அழைத்துப்போனார். ஓட்டியது இவர்தான். காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது கண்ணாடியெல்லாம் உள்ளே மூச்சு பூத்து வெளுத்திருந்தது. அவர் உள்ளிருந்து உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருந்தும் அந்த வரியை எழுதினேன். அப்போது அவருக்கு முப்பதுகூட இருக்காது. இப்போது எழுபதைத் தாண்டியவர்.

மியூசியத்துக்கு மூன்று டிக்கெட். கார்களோடு வாழ்ந்த மனிதரை வாசலில் காரோடு நிறுத்திவிட்டு, கார்களைப் பார்க்க நாங்கள் உள்ளே போவதாகத் திட்டம்.

இவையெல்லாம் பழக்கத்தால் செய்தவை என்று யாராவது எனக்காகப் பேசலாம். அடுத்ததற்கு அப்படிப் பேச முடியாது. அதை நான் திட்டமிட்டே செய்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வண்டியின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் பல்லோடு பல் மோதிக் கடகடவென்று அலறும். அப்படி இறக்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தூக்குத் தூக்கி, மறுபடி கிளட்சை மிதித்து ஒன்றில் சேர்க்க வேண்டும். இத்தனையையும் வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டே, மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டே செய்ய வேண்டும். தவறினால் வண்டி நின்று பின்னால் உருளும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்துவிடும். கார்புரேட்டர் விடும் பெட்ரோலுக்கு அந்தக் காற்று போதாது. புகை கறுக்கும், இழுவை குறையும். வெயிலேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி லாக் ஆகும், ஈரத்துணி சுற்றிக் காத்திருக்க வேண்டும். இறங்கும்போது நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அதை நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரிலேயே, இன்ஜின் பிடியில் இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு இது எதுவும் வராது. சமதரையில் ஓட்டுவேன். எங்கள் பக்கம் மேடு என்றால் பாலத்து ஏற்றம்தான். அதிலேயே முதல் கியரை அலறவிட்டிருக்கிறேன். டிரைவரண்ணன் இல்லாமல் வண்டி ஊட்டி ஏறாது. ஆனால் விழா மைதானத்துக்குள் வண்டி நுழையும்போது ஸ்டீயரிங்கில் நான் இருக்க வேண்டும். அதற்காக வரைபடத்தில் இடம் தேடினேன். குன்னூர் தாண்டி, அருவங்காடு தாண்டி, கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் எல்லநள்ளியில் கடினமான ஏற்றங்கள் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். அங்கே டிரைவரண்ணனை இறக்கிவிடுவது. அவர் பஸ்ஸில் ஊட்டிக்கு வந்துவிடுவார். நான் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்துவேன். நோட்டில் எல்லநள்ளிக்கு எதிரே ‘டி. இறங்குமிடம்’ என்று எழுதியிருக்கிறேன். இதை அவரிடமும் சொன்னேன். கடைசியில் கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொன்னேன். ‘அப்ப நா பின்னாடி உக்காந்துக்கறேன் தம்பி’ என்றார். பின் சீட்டில் மகனும் மைத்துனரும் இருப்பார்கள், சாமான் வேறு இருக்கும், இடம் இருக்காது என்றேன். இடம் இருந்தது. அம்பாசடரின் பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

கடைசியாகப் பலகை. காட்சிக்கு நிற்கும் பழைய வண்டிகளுக்கு முன்னால் அதன் வரலாற்றை எழுதி ஒரு பலகை வைப்பது வழக்கம். மயிலாடுதுறையில் ஒன்று அடித்து வாங்கினேன். இங்கிலீஷில். வருஷம், மாடல், இன்ஜின் எல்லாம் எழுதி, கடைசியில் உரிமையாளரே தன் முயற்சியில் மீட்டெடுத்துப் பராமரித்து ஓட்டிவருகிறார் என்று போட்டேன். அதன் கீழ் என் பெயர்.

டிரைவரண்ணன் அன்று கார்புரேட்டரைக் கழற்றி, வீட்டில் வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்ததும் கிட்ட வந்தார். தமிழ் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. ‘என்ன தம்பி எழுதிருக்கு?’ என்றார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் நின்றேன். ‘வேலை பாத்தது யாருன்னு போட்டிருக்கீங்களா?’ என்றார். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ‘உங்க பேருதாண்ணே போட்டிருக்கு’ என்றேன். எங்கே என்று கேட்டார். என் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். அந்த எழுத்துகளுக்கு மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்ததால் பலகையில் படாமல், கொஞ்சம் தூக்கியே ஓட்டினார்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பயண நாளுக்கு முன் வேறு பலகை அடித்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடிக்கவில்லை. அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே என்ற தைரியம்.

சில நாள் கழித்து, காலேஜில் படிக்கும் அவருடைய பேத்தி அவரைக் கூப்பிட வந்தாள். பலகை கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. நின்று படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘தாத்தா, வா போவோம்’ என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரண்ணன் வரவில்லை. முட்டி வலி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று ஆள் மூலமாகச் செய்தி வந்தது. கூடவே கார்புரேட்டரும் வந்தது. பித்தளைப் பாகங்கள் பளிச்சென்று இருந்தன. புதுக் கேஸ்கெட் வெட்டி வைத்து, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பென்சிலால் அதன் மேல் அம்புக்குறி போட்டிருந்தார். எனக்கு மாட்டத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஊட்டிக்குப் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் இ-பாஸில் சிக்கல் என்றேன். இ-பாஸில் ஒரு சிக்கலும் இல்லை. அது இன்னொரு பொய். அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. ஆடி போயிற்று, நடவு முடிந்தது. தீபாவளிக்கு வேட்டியை மகனிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போனால் பேச வேண்டியிருக்குமே என்றுதான்.

தை பிறந்த பிறகுதான் போனேன். இத்தனை வருஷத்தில் அவர் வீட்டு வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. அன்றைக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். அவர் கட்டிலில் இருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, ‘பலகைல உங்க பேரு இல்லண்ணே. இருக்குன்னு பொய் சொன்னேன்’ என்றேன்.

‘தெரியும் தம்பி. பாப்பா அன்னைக்கே சொல்லிடுச்சு.’

புதுப் பலகை அடிக்கிறேன், உங்கள் பெயரை முதலில் போடுகிறேன், செய்த வேலைக்குக் கணக்குப் பார்த்துப் பணமும் தருகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பைக்கூட ஏற்பாடாகத்தான் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

‘பணத்தைக் குடுங்க. பாப்பாவுக்கு ஃபீசு கட்டணும். பேரெல்லாம் வேணாம்’ என்றார். பிறகு, ‘பலகைய நா அப்பவே விட்டுட்டேன் தம்பி. அந்த வண்டிய இன்னொரு தடவ மலை ஏத்தணும்னு இருந்துச்சு. நீங்க பாதி வழில எறங்கிக்கச் சொன்னீங்க பாருங்க. பின்னாடிகூட எடம் இல்லன்னீங்க. அதான்’ என்றார்.

பலகைக்காகத்தான் அவர் வராமல் போனார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லநள்ளியை நான் மறந்தே போயிருந்தேன்.

இந்த வருஷம் மே மாதம் போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘வர்றதா இருந்தா இங்க எடுக்கறதுலேர்ந்து அங்க கிரவுண்டுல கொண்டுபோய் நிறுத்தற வரைக்கும் நாந்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. ராத்திரிக்கு எனக்கு ஒரு ரூமு வேணும், இந்த முட்டி அந்தக் குளிரு தாங்காது’ என்றார்.

அந்த இடத்திலேயே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ‘பாக்கலாம்ணே’ என்றேன். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அறை கொடுப்பதில் எனக்குத் தடை இல்லை, பணம் கொடுப்பதிலும் இல்லை. மைதானத்துக்குள் அவர் ஓட்டிக்கொண்டு வர, பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவதைப் பிறர் பார்ப்பார்களே, யார் சொந்தக்காரர் என்று அவரிடம் போய்க் கேட்பார்களே, அவர் பேசுவதைச் சுற்றி நின்று கேட்பார்களே என்றுதான் அன்று இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தப்பை ஒப்புக்கொண்டு வந்த அதே நாளில், அதே ஆசை அப்படியே இருந்தது. காலையில் போய் ‘நீங்களே ஓட்டுங்கண்ணே’ என்று சொன்னேன். கிங் பின் புஷ் மாற்றாமல் மலை ஏறக் கூடாது, மாசிக்குள் சாமான் வாங்கிக் கொடுங்கள் என்றார்.